அவள் கயிற்றை யார் பிடிப்பது?

மதிப்பிற்குரிய மேடம்,

எனக்கு வயது 36, மனைவிக்கு 33. திருச்சிப் பக்கம் சொந்த ஊர். எட்டு வருடமாக ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட் நகரில் வேலை. கிரீஸில் கலிம்னோஸ் என்ற தீவில், ஒரு வாடகை அறையின் பால்கனியில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். அவள் உள்ளே தூங்குகிறாள். இப்போதெல்லாம் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொள்கிறாள்.

நான்கு வருடத்துக்கு முன் ஸ்டுட்கார்ட்டில் ஓர் உள்ளரங்கத்தில் பாறை ஏறும் பயிற்சிக்கு இருவரும் சேர்ந்து போனோம். அதுவே பைத்தியமாகிவிட்டது. இருவரும் மூன்று மாதம் சம்பளமில்லாத விடுப்பு எடுத்துக்கொண்டு மார்ச் நடுவில் கிளம்பினோம். ஆளுக்கொரு முதுகுப் பை, ஒரு கூடாரம், 70 மீட்டர் கயிறு. தெற்கு ஸ்பெயினில் எல் சோரோ, அப்புறம் கத்தலோனியாவில் சியுரானா, இத்தாலியில் ஃபினாலே லிகுரே, கடைசியாகக் கலிம்னோஸ். சுண்ணாம்புப் பாறை ஏறுகிறவர்கள் ஒருமுறையாவது பார்த்துவிட வேண்டும் என்று ஏங்கும் இடங்கள். எந்த ஊரில் எத்தனை நாள், எந்தப் பேருந்து, எந்தக் கப்பல் என்று ஒரு வருடம் உட்கார்ந்து திட்டம் போட்டவன் நான். இருவருக்கும் சேர்த்து ஒரு நாளைக்கு 60 யூரோ என்று கணக்கும் வைத்திருந்தேன். இதன் அருமை அவளுக்குத் தெரியவே இல்லை.

முதல் வாரமே ஆரம்பித்துவிட்டது. எல் சோரோவில் மலைப் பிளவின் செங்குத்துச் சுவரில் ஒட்டினாற்போல ஒரு நடைபாதை போகிறது. கமினிட்டோ டெல் ரே என்று பெயர். நூறு வருடத்துக்கும் முன்னால், நீர்மின் நிலைய வேலையாட்கள் போய்வரக் கட்டியது. பாழாய்க் கிடந்ததைச் சரிசெய்து 2015இல் திறந்திருக்கிறார்கள். அதில் நடந்தே தீர வேண்டும் என்றாள். வெயில் இல்லாத, ஏறுவதற்கு அருமையான ஒரு நாள் அதில் போயிற்று. கணக்கும் உதைத்தது. காபி கடையைக் கண்டால் உட்கார்ந்துவிடுகிறாள். மொழி தெரியாத பாட்டிகளோடு அரை மணி நேரம் கை ஜாடையில் பேசுகிறாள்.

சியுரானாவில் அவளுக்குக் கால் பிசகிப் பத்து நாள் வீணானது. 37 மீட்டர் உயரமுள்ள ரூட், அதாவது பாறையில் ஏறும் பாதை. உச்சியைத் தொட்டுவிட்டாள், நான் கீழே நின்று கயிற்றைப் பிடித்து இறக்கிக்கொண்டிருந்தேன். கயிறு கொஞ்சம் பற்றவில்லை. கடைசி இரண்டு மீட்டர் விழுந்துவிட்டாள். கணுக்கால் வீங்கியது, எலும்புக்கு ஒன்றுமில்லை. இந்த மாதிரி எல்லா ஊரிலும் நடப்பதுதான். எனக்கு வலித்தது வேறு. அன்று இரவு அவள் அம்மா போன் செய்தபோது, "படியில் கால் தவறிவிட்டதும்மா" என்றாள். எதற்குப் பொய்? என் மனைவி பொய் சொல்லக் கேட்டது அதுதான் முதல் தடவை. அந்த ஊரில் மலைவிளிம்பில் ஓரிடம் உண்டு. பழைய முஸ்லிம் ஆட்சிக்காலத்து மூர் அரசி ஒருத்தி எதிரி கையில் சிக்காமல் குதிரையோடு குதித்தாள் என்று கதை சொல்கிறார்கள். அந்த இடத்தில் தினமும் சாயங்காலம் தனியாகப் போய் உட்கார்ந்திருப்பாள். கூப்பிட்டால் "வரேன், நீ போ" என்பாள்.

ஃபினாலேவில் ஓர் ஆஸ்திரிய ஜோடி பழக்கமானது. அங்கே போய்ச் சேர்ந்த மூன்றாம் நாள், கால் சரியாகிவிட்டது, சின்னதாக ஒன்று ஏறிப் பார்க்கிறேன், கயிறு பிடிக்கிறாயா என்று கேட்டாள். எனக்குத் தோள் வலி, அதனால் அந்த ஆஸ்திரியப் பெண்ணைப் பிடிக்கச் சொன்னேன். அவ்வளவுதான், அன்றிலிருந்து இருவரும் ஒட்டிக்கொண்டார்கள். அன்று மதியம் நான் முதல்முறையாக ஒரு 6சி ரூட்டை விழாமல் முடித்தேன் (ரூட்டின் கடினத்தைச் சொல்லும் அளவு அது; 6ஏ, 6பி, 6சி என்று கடினம் கூடும்). இரண்டு வருடக் கனவு. இறங்கி வந்தால், எனக்குக் கயிறு பிடித்த மனைவி அதைச் சுருட்டிக்கொண்டே "நல்லா ஏறினே" என்று ஒரு வார்த்தை. முகத்தில் சிரிப்பு இல்லை.

இங்கே கலிம்னோஸுக்கும் அவர்கள் வந்திருக்கிறார்கள். நாங்கள் தங்கியிருக்கும் மசூரி கிராமத்துக்கு மேலே பாறைச் சுவர்கள் மேற்கே பார்த்து நிற்பதால் மதியம் வரைதான் நிழல். அந்த நேரம் முழுக்க அவள் அந்தப் பெண்ணோடு ஏறுகிறாள், சிரிக்கிறாள். 6பி வரை வந்துவிட்டாள். என்னோடு ஏறியவரை அவளால் 6ஏ கூட முடிந்ததில்லை. நான் ஏறும்போது வந்து கயிறு பிடிக்கிறாள், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் தினமும் காலையில் எல்லோர் முன்னாலும் கயிற்றின் நுனியில் ஒரு முடிச்சைப் போட்டு, இழுத்து இறுக்கிப் பார்க்கிறாள். நான் ஏறும் ரூட் வெறும் 20 மீட்டர் என்றாலும் முடிச்சுப் போடாமல் விடுவதில்லை. குத்திக்காட்டத்தானே? நான்கு பேர் முன்னால் இப்படி அவமானப்படுத்த வேண்டுமா?

எனக்கும் தூக்கம் சரியில்லை. கை வழுக்குகிற மாதிரி திடுக்கென்று விழிப்பு வருகிறது. எழுந்து கதவு பூட்டியிருக்கிறதா, கேஸ் அணைந்திருக்கிறதா என்று மூன்று நான்கு முறை பார்த்துவிட்டுப் படுக்கிறேன். அலைச்சல்தான் காரணமாக இருக்கும், அதை விடுங்கள்.

இன்னும் ஒன்பது நாளில் கிளம்புகிறோம். இத்தாலியிலிருந்து கிரீஸின் பத்ராஸ் துறைமுகத்துக்கு வந்த கப்பலில் காசு மிச்சம் பிடிக்க மேல்தளத்தில் படுத்தோம், இரவு முழுக்க என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. ஒரு வருடம் நான் உழைத்ததற்கு இதுவா பலன்? அவள் என்னை விட்டு விலகிப் போகிறாளா? அவளுக்கு எப்படிப் புரியவைப்பது?

பெயர் வேண்டாம்,
ஒரு வாசகர்

•

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதத்தை முதலில் ஒருமுறை படித்தேன். இரண்டாம் முறை பென்சிலை வைத்துக்கொண்டு, யார் கயிற்றை யார் பிடித்தார்கள் என்று ஓரத்தில் குறித்துக்கொண்டே வந்தேன். சியுரானாவில் உங்கள் மனைவியின் கயிறு உங்கள் கையில் இருந்தது. அதன் பிறகு ஃபினாலேவிலும் கலிம்னோஸிலும் அவர் உங்கள் கயிற்றைப் பிடித்திருக்கிறார், நீங்கள் 6சி ஏறிய அந்த மதியம் உட்பட. சியுரானாவுக்குப் பிறகு நீங்கள் அவர் கயிற்றைப் பிடித்ததாகக் கடிதத்தில் ஓரிடத்தில்கூட இல்லை.

அவர் விலகிப் போகிறாரா என்று கேட்கிறீர்கள். வீக்கம் வடிந்து, ஃபினாலே போய்ச் சேர்ந்த மூன்றாம் நாளே உங்களிடம் வந்து, கயிறு பிடிக்கிறாயா என்று கேட்டவர் அவர். மாட்டேன் என்றவர் நீங்கள். தோள் வலி என்று எழுதியிருக்கிறீர்கள். அதே நாள் மதியம், அதே தோளோடு, வாழ்நாளில் ஏறாத ஒரு பாறையை ஏறி முடித்திருக்கிறீர்கள். இதை உங்களை மடக்குவதற்காகச் சொல்லவில்லை தம்பி. கடிதம் எழுதும்போதுகூட இந்த இரண்டும் அடுத்தடுத்து இருப்பது உங்கள் கண்ணில் படவில்லை. அதை நீங்கள் எவ்வளவு பார்க்க விரும்பவில்லை என்பது எனக்கு அதிலேயே தெரிகிறது.

"அதை விடுங்கள்" என்று ஓரிடத்தில் சொன்னீர்களே, எனக்கு அதை மட்டும் விட முடியவில்லை. கை வழுக்குகிற மாதிரி விழிப்பு வருகிறது. பூட்டிய கதவை நாலு முறை போய்ப் பார்க்கிறீர்கள். இது அலைச்சல் இல்லை. சியுரானாவில் அந்தக் கயிற்றின் நுனி உங்கள் கையை விட்டுப் போனது. அது இன்னும் இரவில் போய்க்கொண்டே இருக்கிறது. பகலில் அதைப் பற்றி ஒரு வார்த்தையும் நீங்கள் பேசுவதில்லை.

எனக்குப் பாறை ஏறத் தெரியாது. ஏறும் பழக்கமுள்ள என் மாணவி ஒருத்தியிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். மேலே போனவரை இறக்க, ரூட்டின் உயரத்தைப்போல இரண்டு மடங்கு கயிறு வேண்டுமாம். 37க்கு இரண்டு மடங்கு 74. உங்களிடம் இருந்தது 70. உயரம் கைடுபுக்கிலேயே அச்சாகியிருக்கும் என்றாள். நுனியில் ஒரு முடிச்சு இருந்திருந்தால் அது, கயிறு ஓடும் பிலே கருவியில் (கீழே நிற்பவர் இடுப்பில் மாட்டியிருப்பது) வந்து இடித்து நின்றிருக்கும், உங்கள் மனைவி விழாமல் அந்தரத்தில் தொங்கியிருப்பார். ஆகவே "கயிறு கொஞ்சம் பற்றவில்லை" என்பது முழு உண்மை இல்லை. நீங்கள் உயரத்தைப் பார்க்கவில்லை, முடிச்சும் போடவில்லை. அவருக்கும் அதில் பங்கு உண்டு, ஏறுவதற்கு முன் இருவரும் சேர்ந்து பார்த்திருக்க வேண்டியது. ஆனால் கயிறு உங்கள் கையில் இருந்தது. எல்லா ஊரிலும் நடப்பதுதான் என்கிறீர்கள். இருக்கலாம். உங்கள் வீட்டில் அது உங்கள் கையால் நடந்தது. அதற்காக அவரிடம் ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டதாக இவ்வளவு நீளக் கடிதத்தில் நான் பார்க்கவில்லை.

இந்த இடத்திலிருந்து உங்கள் புகார்களைத் திரும்பப் பாருங்கள். அம்மாவிடம் பொய் சொன்னார் என்று வருந்துகிறீர்கள். கால் வீங்கி வலித்துக்கொண்டிருக்கும் இரவில் ஒரு பெண் பெற்ற அம்மாவிடமே மறைக்கிறார். எதை மறைத்தார்? "உங்கள் மாப்பிள்ளை கையிலிருந்து விழுந்தேன்" என்ற வாக்கியத்தை. உங்கள் மாமியார் வீட்டில் உங்களுக்கு இருக்கும் மரியாதை கலையக் கூடாது என்று அந்த நேரத்திலும் யோசித்திருக்கிறார். நீங்கள் அதை அவருடைய குற்றப்பட்டியலில் சேர்த்திருக்கிறீர்கள்.

காலையில் போடும் அந்த முடிச்சையும் அப்படித்தான் தவறாகப் படித்துவிட்டீர்கள். நீங்கள் ஏறுவதற்கு முன்னால் போடப்படும் முடிச்சு அது. அதில் தப்பப்போவது அவர் உயிர் இல்லை, உங்களுடையது. தனக்கு நடந்தது உங்களுக்கு நடந்துவிடக் கூடாது என்று ஒவ்வொரு நாளும் ஒரு காரியம் செய்கிறார். 20 மீட்டருக்கு எதற்கு என்று கேட்கிறீர்கள். விழுந்தவருக்கு அந்தக் கணக்கெல்லாம் இருக்காது.

நம் மேற்கு மலைகளில் குறும்பர் போன்ற பழங்குடியினர் செங்குத்துப் பாறைகளில் கொடிக்கயிற்றில் தொங்கி மலைத்தேன் எடுப்பார்கள். மேலே அந்தக் கயிற்றுக்குக் காவல் நிற்பது பெரும்பாலும் இறங்குகிறவனின் மைத்துனன், அதாவது மனைவியின் சகோதரன். கயிறு அறுந்தால் தாலி அறுவது அவன் தங்கைக்கு. அந்தப் பயம் அவனைக் கண்ணிமைக்க விடாது. மச்சான் தயவு இருந்தால் மலையேறிப் பிழைக்கலாம் என்ற பழமொழிக்கும் இதையே விளக்கமாகச் சொல்வார்கள். அந்த ஏற்பாட்டைப் பற்றி நான் அடிக்கடி யோசிப்பதுண்டு. பயப்படுகிறவனைத் தள்ளி வைக்காமல், யாருக்கு அதிகப் பயமோ அவனைத் தேடிக் கயிற்றடியில் நிறுத்தியிருக்கிறார்கள்.

நீங்கள் நேர்மாறாகச் செய்கிறீர்கள். பயம் வந்துவிட்டது, ஆகவே இந்தக் கைக்கு இனி தகுதியில்லை என்று உங்களுக்குள் தீர்ப்பு எழுதிவிட்டீர்கள். அதை அவரிடம் சொல்ல வெட்கம். அதனால் காபிக் காசு, நடைபாதையில் போன நாள், பாட்டிகளோடு பேச்சு என்று அவர் பக்கம் குற்றம் தேடிக்கொண்டிருக்கிறீர்கள். அவர் உங்களை நம்பவில்லை என்பதற்கு உங்கள் கடிதத்தில் சாட்சி இல்லை. உங்களை நீங்கள் நம்பவில்லை என்பதற்கு வரிக்கு வரி இருக்கிறது. அவர் முகத்தில் ஏன் சிரிப்பில்லை என்று யோசித்துப் பாருங்கள். காலையில் அவருக்காக நிற்க மறுத்த கணவர், மதியம் தனக்காக நிற்கச் சொல்கிறார். அவரும் நின்றிருக்கிறார், பாராட்டும் சொல்லியிருக்கிறார். அதற்கு மேலே சிரிப்பையும் எதிர்பார்ப்பது நியாயமா?

ஆஸ்திரியப் பெண்ணோடு 6பி ஏறிவிட்டார் என்ற பொறாமை இயல்பானது, அதற்காக உங்களைக் கடிந்துகொள்ள மாட்டேன். ஆனால் அந்தப் பெண் உங்கள் இடத்தைப் பிடித்துக்கொள்ளவில்லை. நீங்கள் காலி செய்து கொடுத்த இடத்தில், உங்கள் சொல்லின்பேரில் நிற்கிறார். ஒருவிதத்தில் நீங்கள் அவருக்கு நன்றி சொல்ல வேண்டும். விழுந்தவர் ஏறுவதையே விட்டுவிடாமல் காத்தது அவர்தான்.

பணக் கணக்கைப் பற்றி எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை. ஊருக்குப் போய் இருவரும் பேசித் தீர்த்துக்கொள்ளக் கூடியது அது.

ஒன்பது நாள் இருக்கிறது என்றீர்கள். முதலில் சொல்ல வேண்டியதைச் சொல்லுங்கள். "நான் உயரத்தைப் பார்க்கவில்லை, முடிச்சுப் போடவில்லை, நீ விழுந்தாய்." இந்த மூன்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள். "ஆனால்" என்று தொடங்கும் எதுவும் அதன் பின்னால் வர வேண்டாம். அவர் அழலாம், கோபப்படலாம், இத்தனை நாள் சேர்த்து வைத்ததைக் கொட்டலாம். இடையில் பேசாமல் கேளுங்கள். அப்புறம் தோள் வலி என்று சொன்னது எதற்காக என்பதையும் சொல்லிவிடுங்கள். அவருக்கு அது ஏற்கெனவே தெரிந்திருக்கும் என்று நினைக்கிறேன், இருந்தாலும் உங்கள் வாயால் வர வேண்டும்.

கயிறு பிடிப்பது அதற்குப் பிறகு. நீங்களாகக் கேளுங்கள். அவர் சரி என்றால் குட்டையான, சுலபமான ரூட் ஒன்று போதும். உங்களுக்குப் பின்னால் கயிற்றின் மிச்சத்தை அந்த ஆஸ்திரியப் பெண்ணோ அவர் துணைவரோ பிடித்துக்கொண்டு நிற்கட்டும். பழகுகிறவர்களுக்கு அப்படிச் செய்வதுண்டு என்று என் மாணவி சொன்னாள். நீங்கள் இப்போது பழகுகிறவர்தான், அதில் குறைச்சல் ஒன்றுமில்லை. வேண்டாம் என்று அவர் சொன்னால் வற்புறுத்தாதீர்கள். வேறொருவர் பிடிக்கும்போது பக்கத்தில் நின்று அவர் ஏறுவதைப் பாருங்கள். ஊர் திரும்பி ஒரு மாதம் கழித்தும் கதவைச் சரிபார்ப்பது நிற்கவில்லை என்றால், அங்கேயே ஓர் ஆலோசகரை நேரில் போய்ப் பாருங்கள்.

இதையெல்லாம் ஒரு நல்ல சாயங்காலம் பார்த்துச் சொல்லலாம் என்று தள்ளிப்போடாதீர்கள். அவர் உள்ளே தூங்குகிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். நாலு முறை கணவர் எழுந்து நடக்கும் ஓர் அறையில் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பவர் தூங்குகிறார் என்று எனக்குத் தோன்றவில்லை. இன்று இரவு கதவைப் பார்த்துவிட்டு வந்து படுக்கும்போது, மெதுவாக அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுப் பாருங்கள்.

அன்புடன்,
உங்கள் ஆலோசகர்