அம்மாவின் சாரோங்கை வெட்டும் முன்

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். சுங்கை சிப்புட்டிலிருந்து எழுதுகிறேன். அம்மா தவறிப்போய் ஒன்றரை வருடம் ஆகிறது. போன வருடம் எங்களுக்குத் தீபாவளி இல்லை. இந்த வருடம் அண்ணன், இரண்டு அக்காமார், இரண்டு தம்பிகள் என ஐந்து குடும்பமும் என் வீட்டுக்குத்தான் வருகிறார்கள். அம்மாவின் சேலைகளையும் பாத்தேக் (மெழுகுச் சாயம் போட்ட) சாரோங்குகளையும் வெட்டி ஓர் ஒட்டுத்துணிப் போர்வை தைத்து, தீபாவளியன்று எல்லார் முன்னாலும் விரித்துக் காட்ட ஆசை. ஆறு அங்குலச் சதுரமாக 120 வேண்டும். 30தான் இணைத்திருக்கிறேன். இன்னும் ஐந்து வாரம். வீட்டுக்குச் சாயம் அடிக்க வேண்டும், திரைச்சீலை மாற்ற வேண்டும், பலகாரம் சுட வேண்டும். "பண்டிகை நேரத்தில் பழந்துணியைப் பரப்பிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாயே" என்று மாமியார் வருத்தப்படுகிறார். இராத்திரி பன்னிரண்டு மணிவரை மிஷினில் உட்கார்கிறேன். மூட்டை கட்டி வைத்துவிடவா, எப்படியாவது முடித்துவிடவா? இன்னொன்று, அம்மா ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டப் போகும்போது கட்டிய சாரோங் ஒன்றில் பால்கறை இருக்கிறது. அந்த இடத்தை மட்டும் வெட்டி எறிந்துவிடலாமா?

ஒரு வாசகி

*

அன்புள்ள தங்கச்சிக்கு,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன். எறியாதீர்கள்.

என் அம்மாவும் பால்மரம் வெட்டியவர். அவருடைய வேலைச் சாரோங்கில் இடது முட்டிக்கு மேலே உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கறை இருந்தது. பால் மரத்திலிருந்து வடியும்போது வெள்ளை வெளேர் என்றிருக்கும். துணியில் காய்ந்துவிட்டால் பழுப்பேறி, விறைத்து, நாளாக நாளாகக் கறுத்துவிடும். எந்தச் சவர்க்காரத்துக்கும் போகாது. மரத்தில் பால் வடியும் மங்கில் (கிண்ணத்தில்) உள்ள பாலை வாளியில் ஊற்றி, ஒட்டியிருப்பதை விரலால் வழித்துவிட்டு, அடுத்த மரத்துக்கு நடந்துகொண்டே அந்த விரலைத் துடைத்த இடம் அது. வருடக்கணக்காக அதே இடத்தில் துடைத்திருக்கிறார்.

நானும் உங்களைப் போலத்தான் ஒரு தீபாவளிக்குப் போர்வை தைக்க உட்கார்ந்தேன். பண்டிகைக்கு நாலு நாள் இருக்கும்போது, இராத்திரி பதினொரு மணிக்கு, சதுரங்கள் சுத்தமாக வர வேண்டும் என்ற அவசரத்தில் அந்தக் கறையைக் கத்தரித்துக் குப்பைப் பையில் போட்டேன். விடியற்காலையில் லாரி வந்து எடுத்துப் போய்விட்டது. போர்வை தீபாவளிக்கு முடிந்தது, எல்லோரும் பாராட்டினார்கள். இன்றைக்கும் அதை விரித்தால் அம்மாவின் சேலைப் பூக்கள் எல்லாம் இருக்கின்றன. அவர் கை துடைத்த இடம் இல்லை. அந்த வருத்தம் எனக்குத் தீரவில்லை. அதனால்தான் உங்கள் கடிதத்தில் "பன்னிரண்டு மணிவரை" என்பதைப் படித்ததும் பதறிப்போனேன். தூக்கக் கண்ணோடு கத்தரிக்கோலைப் பிடிக்காதீர்கள். தையலைப் பிரித்துத் தைத்துவிடலாம். வெட்டியதை ஒட்ட முடியாது.

தீபாவளிக்குள் முடிக்க வேண்டாம். மூட்டை கட்டவும் வேண்டாம். முறுக்கு மாவைப் பிசைந்துவிட்டால் அன்றைக்கே சுட்டாக வேண்டும். அதிரசத்துக்குப் பாகு பதம் தப்பினால் அத்தனையும் வீண். இவை காத்திருக்காத வேலைகள். துணி காத்திருக்கும். ரொட்டி டின்னில் போட்டு மூடி வைத்தால் ஆறு மாதம் கழித்தும் அப்படியே இருக்கும்.

நீங்கள் விரித்துக் காட்ட நினைக்கிறீர்கள். அந்த ஆசை எனக்குப் புரிகிறது. ஆனால் உங்களுக்கு அம்மா என்றால் அந்த ஐந்து பேருக்கும் அம்மாதானே. முடித்த போர்வையைப் பார்த்து அழுவார்கள், போட்டோ எடுப்பார்கள், ஊருக்குப் போய்விடுவார்கள். அவர்கள் கையிலும் ஊசியைக் கொடுங்கள்.

ஜப்பானியர் காலத்தில், 1942இல், சிங்கப்பூரின் சாங்கி சிறையில் அடைபட்டிருந்த பெண்கள் மூன்று போர்வை தைத்தார்கள். ஒவ்வொன்றிலும் 66 சதுரம். ஆளுக்கொரு சதுரத் துணியைக் கொடுத்து, அதில் தன்னைப் பற்றி ஏதாவது தைக்கச் சொன்னார்கள். பலர் தங்கள் பெயரைத் தைத்தார்கள். தனியே பிரித்து வைக்கப்பட்டிருந்த கணவன்மாருக்கு, தாங்கள் உயிரோடு இருக்கும் செய்தி அந்தத் துணி வழியாகவாவது போகட்டும் என்பது எண்ணம். அவற்றில் இரண்டு இன்று கான்பெராவில் ஆஸ்திரேலியப் போர் நினைவகத்தில் இருக்கின்றன. ஒருத்தியே 66 சதுரத்தையும் தைத்திருந்தால் அதில் எத்தனை பேர் சேதி போயிருக்கும்?

உங்கள் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். வரிசைக்கு 10 சதுரமாக 12 வரிசை. நீங்கள் இணைத்த 30 முதல் மூன்று வரிசை. மீதி 90. உங்களோடு சேர்த்துப் பிள்ளைகள் ஆறு பேர், ஆளுக்கு 15. மூன்று வரிசை, வரிசைக்கு ஐந்து என்று ஒவ்வொருவரும் ஒரு பாளம் தைத்தால், இரண்டிரண்டாகப் பக்கத்தில் வைத்து அடுக்கிவிடலாம். அண்ணன் தம்பி தைப்பார்களா என்று யோசிக்காதீர்கள். சாதாரண ஓட்டுத் தையல் போதும். பள்ளியில் கெமாஹிரான் ஹிடுப் (வாழ்க்கைத் திறன்) பாடம் படித்த தலைமுறையாக இருந்தால் பையன்களும் ஊசி பிடித்தவர்கள்தான்.

ஆகவே இந்த இரண்டு வாரத்தில் வெட்டும் வேலையை மட்டும் செய்யுங்கள், பகலில். ஆறரை அங்குலத்துக்கு ஓர் அட்டை வெட்டிக்கொள்ளுங்கள். நாலு பக்கமும் கால் அங்குலம் தையலுக்குள் போய்விடும். துணியின் உள்பக்கம் அந்தக் கால் அங்குலக் கோட்டைப் பென்சிலால் போட்டுக் கொடுத்தால் யார் தைத்தாலும் அளவு தப்பாது. பாத்தேக் துணியை ஈரமான வெள்ளைத் துணியால் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். சாயம் ஒட்டினால், தண்ணீர் தெளியும்வரை தனியாக அலசிய பிறகே வெட்ட வேண்டும். நைலெக்ஸ் (நைலான்) சேலைகளை இதில் சேர்க்காதீர்கள். ஊசிக்கு வழுக்கும், சூடான அயர்ன் பட்டால் உருகும். அவற்றை வேறொன்றுக்கு வைத்துக்கொள்ளலாம். நடுவில் பஞ்சும் வேண்டாம். வங்காளத்துப் பெண்கள் காந்தா என்ற போர்வையைத் தைப்பது பழஞ்சேலைகளையே அடுக்கி வைத்துத்தான். நம் ஊர் வெக்கைக்கு ஒரு பழைய பருத்திப் படுக்கை விரிப்பு போதும்.

பிறகு எல்லாவற்றையும் டின்னில் போட்டு மூடிவிட்டு அடுப்படிக்குப் போங்கள். எண்ணெய்ச் சட்டி வைக்கும் நாளில் துணி வெளியே இருக்கவே கூடாது, அந்த வாடை இழையில் ஏறிவிடும்.

மாமியார் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. நல்ல நாள் நெருங்கும்போது இறந்தவர் துணி ஹால் முழுக்கக் கிடந்தால் பெரியவர்கள் மனம் சங்கடப்படும். தீபாவளிக்கு முதல் நாள் உங்கள் வீட்டிலும் முன்னோருக்குப் படைப்பீர்கள்தானே. அம்மாவுக்கு வைக்கும் புதுச்சேலைக்குப் பக்கத்தில், இணைத்த அந்த மூன்று வரிசையையும் மடித்து, ஓரத்தில் மஞ்சள் தொட்டு வைக்கலாமா என்று அவரிடமே கேளுங்கள். முறை தெரிந்தவர், சரியாகச் சொல்வார். அதற்கப்புறம் அது அவருக்குப் பழந்துணியாகத் தெரியாது.

தீபாவளியன்று மத்தியானச் சாப்பாடு முடிந்து எல்லாரும் பாய் விரித்துச் சாயும் நேரத்தில் டின்னைத் திறங்கள். தங்களுக்கு வேண்டிய சதுரத்தை அவரவரே பொறுக்கட்டும். இது எந்தச் சேலை, எந்தக் கல்யாணத்துக்குக் கட்டியது என்று பேச்சு தானாக வரும். தைத்தவரை தைக்கட்டும், மீதியை ஊருக்கு எடுத்துப் போகட்டும். அம்மா திதிக்கு இன்னும் ஆறு மாதம் இருக்கிறதே, அன்றைக்குக் கொண்டுவந்து இணைத்துக்கொள்ளலாம்.

பால்கறைச் சதுரத்தை மட்டும் நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். காய்ந்த பாலில் மிஷின் ஊசி திக்கும். கையால்தான் தைக்க வேண்டும், தடித்த ஊசியாக எடுத்து, நடுவிரலில் திம்பிள் (விரலுறை) போட்டுக்கொண்டு.