நாலு எபிசோடு கொடுங்கள் சார்

சார், உங்கள் மெயிலை இரண்டு தடவை படித்தேன். பெண் விஸ்காம் (காட்சி ஊடகப் படிப்பு) முதலாண்டு முடித்திருக்கிறாள், இரண்டு பேப்பர் அரியர், வகுப்பில் போட்டுக் காட்டிய குறும்படத்துக்கு ஒருவர்கூடச் சிரிக்கவில்லை, ராத்திரி ஹாஸ்டலிலிருந்து போன் பண்ணி அழுதிருக்கிறாள், உங்கள் மைத்துனர் டிசியை வாங்கிவந்து ஊரிலேயே பி.காமில் சேர்த்துவிடுங்கள் என்கிறார். இத்தனைக்கும் நடுவில் நீங்கள் எரிச்சலோடு எழுதியிருந்த ஒரு விஷயம்தான் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது: எந்நேரமும் லேப்டாப்பில் சைன்ஃபெல்ட் என்று ஏதோ பழைய அமெரிக்கக் காமெடித் தொடர் பார்க்கிறாள், நாலு பேர் உட்கார்ந்து பேசிக்கொண்டே இருக்கிறார்கள், அதில் கதையே இல்லை என்று.

முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன். இப்போது டிசி வாங்க வேண்டாம். ஏன் என்பதை அந்தக் கதையில்லாத தொடரை வைத்தே சொல்கிறேன். அது தொடங்கிய லட்சணம் உங்கள் பெண்ணின் முதலாண்டைவிட மோசம்.

ஜெர்ரி சைன்ஃபெல்ட் என்ற மேடை நகைச்சுவைக் கலைஞர், எழுத்தாளர் லாரி டேவிட்டோடு சேர்ந்து உருவாக்கி, தானே நாயகனாக நடித்த தொடர் அது. அதன் முதல் பகுதி 1989 ஜூலை 5 அன்று என்பிசி என்ற அமெரிக்கச் சேனலில் வந்தது. ஒளிபரப்புக்கு முன்பே சில பார்வையாளர்களுக்குப் போட்டுக் காட்டி அவர்கள் கருத்தைக் கேட்டார்கள். பலவீனம் என்று அறிக்கை வந்தது. நியாயமான அறிக்கைதான் சார், நானும் அந்தப் பகுதியைப் பார்த்திருக்கிறேன், சுமார்தான். இன்று உலகமே அந்தத் தொடரின் உயிர் என்று சொல்லும் ஜெர்ரியின் தோழி எலைன் அதில் கிடையாது, அவள் இடத்தில் காபி ஊற்றும் ஒரு பரிமாறுபவர் இருக்கிறார். எதிர்வீட்டு கிரேமருக்கு அதில் பெயர் கெஸ்லர். நண்பன் ஜார்ஜாக நடித்த ஜேசன் அலெக்சாண்டர் மூச்சுக்கு மூச்சு சினிமா நகைச்சுவைக்காரர் வுடி ஆலன் மாதிரி பேசுகிறார். தொடரின் பெயர்கூட வேறு, 'தி சைன்ஃபெல்ட் கிரானிக்கிள்ஸ்'. அந்த அறிக்கையை ஜெர்ரி சைன்ஃபெல்ட் அப்புறம் கழிவறைச் சுவரில் மாட்டி வைத்தார் என்பது தனிக் கதை. (மார்க்‌ஷீட்டை அங்கே மாட்டச் சொல்லி உங்கள் பெண்ணுக்கு யோசனை கொடுத்துவிடாதீர்கள்.)

சாதாரணமாக அதோடு முடிந்திருக்கும். பிழைத்ததற்குக் காரணம் ரிக் லட்வின் என்று ஒரு என்பிசி அதிகாரி. அவர் பொறுப்பில் இருந்தது பின்னிரவு நிகழ்ச்சிகளும் சிறப்பு நிகழ்ச்சிகளும்தான், நகைச்சுவைத் தொடர் அவருடைய துறையே இல்லை. தன் பட்ஜெட்டில் பிரபல நகைச்சுவைக் கலைஞர் பாப் ஹோப்பின் சிறப்பு நிகழ்ச்சி ஒன்றை விட்டுக்கொடுத்து, அந்தக் காசில் நாலு எபிசோடு எடுக்கச் சொன்னார். நாலே நாலு! வழக்கமாக ஒரு சீசனுக்கு 22 பகுதி எடுக்கிற ஊரில் அது கிட்டத்தட்டப் பிச்சை போட்ட மாதிரி. ஆனால் நான் பெற்றோர்களிடம் திரும்பத் திரும்பச் சொல்வது இந்த நாலைப் பற்றித்தான். அவர் கண்ணை மூடிக்கொண்டு வீட்டை அடமானம் வைக்கவில்லை, கைக்கு அடங்குகிற அளவில் ஒரு வாய்ப்பு கொடுத்துவிட்டு என்ன வருகிறது என்று பார்த்தார்.

வந்தது என்ன? அந்த நாலு பகுதியும் 1990 கோடையில் ஓடின, அதிலும் பெரிய அதிசயம் ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் சில விஷயங்கள் நகர ஆரம்பித்திருந்தன. ஒரு பெண் பாத்திரம் வேண்டும் என்று சேனல் கறாராகச் சொன்னதால் எலைனாக ஜூலியா லூயி-டிரைஃபஸ் வந்தார். கிரேமராக நடித்த மைக்கேல் ரிச்சர்ட்ஸ் ஆரம்பத்தில் அந்த ஆளை மந்தபுத்திக்காரனாக நடித்தார். அது சரியாக ஒட்டவில்லை. அப்புறம்தான், நான் மந்தமில்லை, மற்றவர்கள்தான் என் வேகத்துக்கு வரவில்லை என்று நினைக்கிற ஆளாக மாற்றிக்கொண்டார், அந்தக் கதவை உதைத்துக்கொண்டு நுழைகிற கிரேமர் அதிலிருந்து வந்தவர்தான். ஜார்ஜ் விஷயம் இன்னும் சுவாரசியம். ஒரு ஸ்கிரிப்டைப் படித்துவிட்டு அலெக்சாண்டர், இப்படி யாருக்கும் நடக்காது, நடந்தாலும் யாரும் இப்படி நடந்துகொள்ள மாட்டார்கள் என்று எழுத்தாளர் லாரி டேவிட்டிடம் வாதாடுகிறார். இது எனக்கு நடந்தது, நான் இப்படித்தான் செய்தேன் என்கிறார் டேவிட். அந்த நொடியில்தான் அலெக்சாண்டருக்கு உறைக்கிறது, தான் நடிக்க வேண்டியது வுடி ஆலனை இல்லை, எதிரில் நிற்கிற இந்த மனிதரை என்று. அதற்கு முந்தைய நகல் எல்லாம் வீண் என்று நான் சொல்ல மாட்டேன். வேறு பிடி கிடைக்கும்வரை எல்லோரும் யாரையாவது பார்த்துத்தான் எழுதுகிறோம், உங்கள் பெண்ணும் இப்போது அதைத்தான் செய்துகொண்டிருப்பாள்.

இரண்டாவது சீசன் 1991 ஜனவரியில். வளைகுடாப் போர் செய்திகளால் தொடக்கமே ஒரு வாரம் தள்ளிப்போனது, ராசி அப்படி. மே மாதம் வந்த சீன உணவகப் பகுதியைத்தான் நீங்கள் ஒருநாள் பெண்ணோடு உட்கார்ந்து பார்க்க வேண்டும். மூன்று பேர் சாப்பிட மேசைக்காகக் காத்திருக்கிறார்கள், கடைசிவரை காத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். கதை எங்கே என்று உங்களைப் போலவே என்பிசிக்காரர்களும் கேட்டார்கள். மாற்றச் சொன்னால் வேலையை விட்டுப் போய்விடுவேன் என்று லாரி டேவிட் நின்றார். கவனியுங்கள், எலைனைச் சேர்க்கச் சொன்னபோது கேட்டுக்கொண்டவர்கள்தான் இங்கே மறுத்தது. எதைக் கேட்க வேண்டும், எதில் மறுக்க வேண்டும் என்று அவர்களுக்குத் தெரிய இரண்டு வருடம் ஆகியிருக்கிறது.

அந்த லாரி டேவிட் 1984-85இல் சாட்டர்டே நைட் லைவ் என்ற நகைச்சுவை நிகழ்ச்சியில் எழுத்தாளராக இருந்தவர். ஒரு சீசன் முழுக்க எழுதியதில் கிட்டத்தட்ட எதுவுமே ஒளிபரப்பாகவில்லை. ஒருநாள் தயாரிப்பாளரிடம் கத்திவிட்டு வேலையை விட்டுவிட்டு, வீட்டுக்கு நடந்து போகும்போதே ஐயோ சம்பளம் போச்சே என்று வருந்தி, திங்கட்கிழமை எதுவுமே நடக்காத மாதிரி போய் உட்கார்ந்துகொண்டார். தொடரின் இரண்டாவது சீசனில் ஜார்ஜ் இதையே செய்கிறான், அவனை மட்டும் துரத்திவிடுகிறார்கள். உங்கள் பெண்ணிடம் கேட்டால் இந்தப் பகுதியை அவள் ஒப்பிப்பாள். யாரும் சிரிக்காத அந்தக் குறும்பட அனுபவத்தை அவள் எழுதிப் பார்த்தாளா என்றும் ஒரு வார்த்தை கேளுங்கள்.

நான்காவது சீசனில் தங்கள் கதையையே எடுத்துக்கொண்டார்கள், ஜெர்ரியும் ஜார்ஜும் ஒன்றுமில்லாததைப் பற்றிய தொடர் என்று என்பிசியிடமே போய் விற்கிறார்கள். 1993இல் சிறந்த நகைச்சுவைத் தொடருக்கான எம்மி, அமெரிக்கத் தொலைக்காட்சியின் பெரிய விருது. அப்போதும் தரவரிசையில் 25ஆம் இடம்தான். ஐந்தாவது சீசனில் மூன்றாம் இடம். 1998இல் 180 பகுதிகளோடு முடித்தார்கள்.

இப்போது நீங்கள் கேட்பது எனக்குக் கேட்கிறது: மேடம், பிழைத்த ஒன்றைச் சொல்கிறீர்கள், முதல் பகுதியோடு செத்துப்போன நூறு தொடர் இருக்குமே? இருக்கும் சார். முதல் தோசை பிய்ந்தால் கல் இன்னும் காயவில்லை என்று ஆறுதல் சொல்லலாம், மாவே கெட்டிருந்தால் பத்தாவது தோசையும் அப்படித்தான் வரும். அதே ஜெர்ரி சைன்ஃபெல்ட் 1980இல் பென்சன் என்ற தொடரில் சின்ன வேடத்தில் நடித்தார். ஒருநாள் ஸ்கிரிப்ட் வாசிக்க எல்லோரும் உட்கார்ந்தபோது இவருக்கு மட்டும் பிரதி இல்லை, வேலை போனது அப்படித்தான் தெரிந்தது. அங்கே போய் அவர் மல்லுக்கட்டவில்லை, மேடை நகைச்சுவைக்கே திரும்பிவிட்டார். ஆகவே எல்லாவற்றிலும் பிடிவாதமாக நில் என்பது என் ஆலோசனை இல்லை. ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவில் ஏதாவது மாறுகிறதா என்பதைத்தான் நான் பார்ப்பேன்.

அதனால் மார்க்‌ஷீட்டைக் கொஞ்சம் ஓரமாக வைத்துவிட்டு, முதல் செமஸ்டரில் எழுதிய ஸ்கிரிப்டையும் இரண்டாவதில் எழுதியதையும் கொண்டுவரச் சொல்லுங்கள். உங்களுக்குப் புரிகிறதா என்பது முக்கியமில்லை. முதலாவதில் எது சொதப்பல், இரண்டாவதில் என்ன மாற்றினாய் என்று கேளுங்கள். குறிப்பாக நாலு விஷயம் சொன்னால் அவளை அங்கேயே விட்டுவிடுங்கள். யாருக்கும் ரசனை இல்லை, ஆசிரியர் சரியில்லை என்று மட்டுமே சொன்னால் எனக்கு மறுபடி எழுதுங்கள், அப்போது பி.காமைப் பற்றிப் பேசலாம். அப்படி மாறினால் பெரும்பாலும் முதலாண்டிலிருந்தே தொடங்க வேண்டியிருக்கும், அந்த ஒரு வருடத்தையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

காலவரை வையுங்கள், அவளிடம் சொல்லியே வையுங்கள். இரண்டாமாண்டு முடிவதற்குள் நாலு குறும்படம், ஒவ்வொன்றும் ஐந்து நிமிடம், போனில் எடுத்தால் போதும், கேமரா வாங்கித்தர வேண்டாம். ஹாஸ்டல் தோழிகளுக்கு மட்டும் காட்டாமல் அவளைத் தெரியாத பத்துப் பேருக்குப் போட்டுக் காட்டட்டும், நீங்களும் பாருங்கள், ஆனால் மார்க் போடாதீர்கள். அரியரில் மட்டும் சலுகை கிடையாது, டிகிரி கைக்கு வந்தால்தான் நாளைக்கு எம்பிஏ, போட்டித் தேர்வு என்று எந்தக் கதவையும் தட்ட முடியும், ஸ்கிரிப்ட் எழுத ஆசைப்படுகிற பிள்ளைகள் இதைத்தான் கோட்டைவிடுகிறார்கள்.

மைத்துனரிடம் நான் சொன்னதாகச் சொல்லிக்கொள்ளுங்கள், எனக்கு ஆட்சேபணை இல்லை. அரியர் பீஸ் கட்டக் கடைசி நாள் என்றைக்கு என்று இன்றே பெண்ணிடம் கேட்டுவிடுங்கள் சார்.