அமெரிக்காவே இவ்வளவு எண்ணெய் எடுக்கிறதே, பிறகு ஏன் வளைகுடாவை விட்டு வெளியேற மறுக்கிறது?

கேள்வியில் சொல்லியிருப்பது உண்மை. இன்று உலகிலேயே அதிகமாகக் கச்சா எண்ணெய் எடுக்கும் நாடு அமெரிக்காதான். 2023இல் நாளொன்றுக்கு ஏறத்தாழ 1 கோடியே 29 லட்சம் பீப்பாய் எடுத்தார்கள். பெட்ரோலியப் பொருட்களையும் சேர்த்துக் கணக்கிட்டால், 2020 முதல் அவர்கள் வாங்குவதைவிட விற்பது அதிகம். அப்படியிருக்க வளைகுடாவில் அவர்கள் கடற்படைக்கு என்ன வேலை, எண்ணெயைக் கொள்ளையடிக்கத்தான் இந்தப் போர்களா என்று கேட்டிருக்கிறீர்கள்.

கொள்ளை என்பதை நான் ஏற்க மாட்டேன். இராக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். 2003இல் படையெடுத்தார்கள். 2009இல் இராக் அரசு எண்ணெய் வயல்களை ஏலம் விட்டபோது மிகப் பெரிய வயலான ருமைலா, பிரிட்டனின் பிபி நிறுவனத்துக்கும் சீன அரசின் எண்ணெய் நிறுவனமான சிஎன்பிசிக்கும் போனது. மேற்கு குர்னாவின் இரண்டாம் பகுதியை ரஷ்யாவின் லுக்கோயில் நிறுவனம் எடுத்தது. கொள்ளையடிக்க வந்தவர்கள் இப்படி விட்டுவிட்டுப் போயிருப்பார்களா?

அதற்காக எண்ணெய்க்கும் போருக்கும் தொடர்பே இல்லை என்று சொல்லிவிட முடியாது. எண்ணெயை அள்ளிக்கொண்டு போவது ஒன்று, எண்ணெய் போகும் பாதையைத் தன் காவலில் வைத்திருப்பது இன்னொன்று. அமெரிக்கா இத்தனை காலம் செய்துவருவது இரண்டாவது. அதை ஒளித்துமறைத்தும் செய்யவில்லை. ஈரானியப் புரட்சி நடந்து, சோவியத் படைகள் ஆப்கானிஸ்தானுக்குள் நுழைந்த கையோடு, 1980 ஜனவரி 23 அன்று அப்போதைய அதிபர் ஜிம்மி கார்ட்டர் நாடாளுமன்றத்தில் பேசினார். வெளிச்சக்தி எதுவும் பாரசீக வளைகுடாவைக் கைப்பற்ற முயன்றால் அது அமெரிக்க நலன்மீதான தாக்குதல், தேவைப்பட்டால் படைபலம் கொண்டே முறியடிப்போம் என்றார். 1983இல் இந்த வட்டாரத்துக்கென்றே தனிப் படைத்தலைமை அமைத்தார்கள். இரான்–இராக் போரில் டேங்கர்கள் தாக்கப்பட்டபோது, 1987இல் குவைத்தின் டேங்கர்களுக்கு அமெரிக்கக் கொடியை ஏற்றிப் போர்க்கப்பல் துணையோடு அனுப்பினார்கள். அந்தக் காவலின் நடுவில்தான் 1988 ஜூலை 3 அன்று வின்சென்ஸ் என்ற போர்க்கப்பல் ஈரானின் பயணிகள் விமானத்தைச் சுட்டு வீழ்த்தியது. குழந்தைகள் உட்பட 290 பேரும் இறந்தார்கள். எண்ணெய்ப் பாதைக் காவல் என்று அறிக்கைகளில் படிக்கும்போது அந்த விமானத்தை நான் மறப்பதில்லை.

நான் டேங்கர் கப்பல்களில் டெக் அதிகாரியாக இருந்தவன். வளைகுடாவிலிருந்து கப்பல்கள் வெளியே வரும் வாயிலான ஹோர்முஸ் நீரிணை மிகக் குறுகலான இடத்தில் 40 கிலோமீட்டருக்கும் குறைவு. கப்பல் போக ஒரு தடம், வர ஒரு தடம், ஒவ்வொன்றும் இரண்டு கடல் மைல் அகலம், நடுவே இரண்டு மைல் இடைவெளி. முழுச் சரக்கோடு வரும் பெரிய டேங்கரில் 20 லட்சம் பீப்பாய் இருக்கும். எஞ்சினை நிறுத்தினாலும் கப்பல் நிற்கப் பல கிலோமீட்டர் ஆகும். அங்கே வி.எச்.எஃப். ரேடியோவின் 16ஆம் சேனலில் ஈரான் தரப்பு கூப்பிடும். கப்பல் பெயர் என்ன, எந்தக் கொடி, கடைசியாக எந்தத் துறைமுகம், அடுத்து எங்கே? குரல் மரியாதையாகத்தான் இருக்கும். பதில் சொல்லும்போது கப்பலை இயக்கும் அறையான பிரிட்ஜில் வேறு யாரும் வாய் திறக்க மாட்டார்கள். 2024இல் இந்த வழியாக நாளொன்றுக்குச் சுமார் 2 கோடி பீப்பாய் போனது. உலகம் செலவழிப்பதில் ஐந்தில் ஒரு பங்கு. அதில் பெரும்பகுதி ஆசியாவுக்குப் போவது, அமெரிக்காவுக்கு வருவது மிகக் கொஞ்சம்.

பிறகு அவர்களுக்கு ஏன் இத்தனை அக்கறை? விலைதான் காரணம். கச்சா எண்ணெய்க்கு உலகம் முழுக்க ஒரே சந்தை. டெக்சாஸில் எடுத்த எண்ணெயையும் அந்தச் சந்தை விலைக்குத்தான் கம்பெனி விற்கும், சொந்த நாட்டுக்காரன் என்பதற்காகக் குறைத்துக் கொடுக்காது. போதாததற்கு, மெக்சிகோ வளைகுடாக் கரையில் உள்ள அவர்களுடைய சுத்திகரிப்பு ஆலைகள் பல, கந்தகம் மிகுந்த கெட்டியான எண்ணெய்க்காகக் கட்டப்பட்டவை. அமெரிக்காவின் ஷேல் பாறையிலிருந்து வருவதோ இலகுவான எண்ணெய். அதனால் ஒன்றை விற்று இன்னொன்றை வாங்க வேண்டியிருக்கிறது.

2019 செப்டம்பர் 14, சனிக்கிழமை, சவுதியின் அப்கைக் எண்ணெய் ஆலை தாக்கப்பட்டது. திங்கட்கிழமை, உலகச் சந்தைக்கு அளவுகோலான பிரென்ட் கச்சா எண்ணெயின் விலை ஒரே நாளில் ஏறக்குறைய 15 சதவீதம் ஏறியது. 2022 ஜூனில், அமெரிக்கா நிகர ஏற்றுமதி நாடாக இருக்கும்போதே, அங்கே பெட்ரோல் சராசரி விலை முதல்முறையாக கேலனுக்கு 5 டாலரைத் தாண்டியது. அதற்கு முன்பே உப்புக் குகைகளில் சேமித்து வைத்திருந்த இருப்பிலிருந்து 18 கோடி பீப்பாயைத் திறந்துவிட உத்தரவிட்டிருந்தார் அப்போதைய அதிபர் ஜோ பைடன். ஜூலையில் ஜெத்தாவுக்கே போய் சவுதி இளவரசரைச் சந்தித்தார். தன் மண்ணில் எண்ணெய் பொங்கினாலும் அதிபர் வளைகுடாவுக்குப் போகத்தான் வேண்டியிருந்தது.

எனவே "நம் எண்ணெயை நாமே எடுப்போம், போர் வேண்டாம்" என்ற வாதம் எனக்குப் பாதிதான் சரியாகப் படுகிறது. நிஜமாகவே எண்ணெயின் பிடியைத் தளர்த்தியது எது என்று பார்த்தால், ஒருமுறை அமெரிக்காவே அதைச் செய்து காட்டியிருக்கிறது. 1973இல் அரபு நாடுகள் விதித்த எண்ணெய்த் தடையில் அடிவாங்கியபின் 1975இல் ஒரு சட்டம் போட்டார்கள். புதிய கார்கள் சராசரியாக கேலனுக்கு 27.5 மைல் ஓட வேண்டும், 1985க்குள். மின்நிலையங்கள் எண்ணெயைக் கைவிடத் தொடங்கின. விலையும் உச்சத்தில் இருந்ததால் மக்களும் சிறிய கார்களுக்கு மாறினார்கள். 1977இல் நாளொன்றுக்கு 85 லட்சம் பீப்பாயாக இருந்த நிகர இறக்குமதி 1985இல் ஏறக்குறைய 43 லட்சமாகச் சரிந்தது. எட்டே ஆண்டில் பாதி! ஒரு குண்டுகூடப் போடாமல் கிடைத்த பலன் இது.

அதை அவர்கள் காப்பாற்றிக்கொள்ளவில்லை. 1986இல் விலை விழுந்ததும் மைலேஜ் விதியைத் தளர்த்தினார்கள். கார்ட்டர் வெள்ளை மாளிகைக் கூரையில் வைத்த சூரியத் தகடுகளும் அதே ஆண்டில் இறக்கப்பட்டன. எஸ்.யூ.வி.களை இலகுரக லாரி என்ற கணக்கில் சேர்த்து எளிய விதியோடு விட்டுவிட்டார்கள். 2005க்குள் நிகர இறக்குமதி நாளொன்றுக்கு 1 கோடியே 25 லட்சம் பீப்பாயாக ஏறிவிட்டது. இடையில் வளைகுடாவில் இரண்டு போர்கள். 2003 போருக்கு எண்ணெய் மட்டுமே காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். செப்டம்பர் 11க்குப் பிந்தைய அச்சமும், பேரழிவு ஆயுதம் என்ற பொய்த்துப்போன குற்றச்சாட்டும் அதில் இருந்தன. ஆனால் எண்ணெயே இல்லாத ஒரு மூலையில் அத்தனை படைத்தளங்கள் முன்கூட்டியே இருந்திருக்காது, போருக்குப் போவதும் அவ்வளவு எளிதாக இருந்திருக்காது.

மின்சாரக் காருக்கு மாறினால் லித்தியத்துக்கும் அரிய மண் உலோகங்களுக்கும் சீனாவை நம்ப வேண்டிவருமே என்று இங்கே இன்னொரு பதிலில் ஒருவர் கேட்டிருந்தார். நியாயமான கவலைதான். ஆனால் எண்ணெய் எரிந்து தீர்வது. வரத்து நின்றால் சில வாரங்களில் ஓடுகிற வண்டியே நின்றுவிடும். பேட்டரிக்கான உலோகம் வண்டிக்குள் ஒருமுறை போனால் பல ஆண்டுகள் இருக்கும். வரத்து நின்றால் புது வண்டி தாமதமாகும், ஓடிக்கொண்டிருப்பது ஓடும். அதற்காக அவசர அவசரமாகப் போர்க்கப்பல் அனுப்ப வேண்டிய நெருக்கடி எந்த அதிபருக்கும் வராது.

ஆகவே உற்பத்திக் கணக்கைவிட நுகர்வுக் கணக்கைப் பாருங்கள். 2008இல் நாளொன்றுக்கு 50 லட்சம் பீப்பாயாக இருந்த அமெரிக்க உற்பத்தி 2023க்குள் இரண்டரை மடங்காகிவிட்டது. அவர்கள் செலவழிப்பதோ 2005இல் 2 கோடியே 8 லட்சம் பீப்பாய், 2023இல் ஏறக்குறைய 2 கோடியே 2 லட்சம். இந்தக் கணக்கு மாறாதவரை அவர்களுடைய கப்பற்படை அங்கேயேதான் இருக்கும் என்பது என் கருத்து.