குதிகால் முள்ளை விட அந்தக் கொப்புளம்தான் கவலை

குதிகால் வலிக்கு ஆபரேஷன் செய்ய வேண்டுமா, ஜவுளிக்கடை வேலையை விட்டுவிட வேண்டுமா என்று கேட்டு எழுதியிருக்கிறீர்கள். ஆபரேஷன் வேண்டாம், வேலையையும் விட வேண்டாம். எக்ஸ்ரேயில் குதிகால் எலும்பில் முள் வளர்ந்திருப்பதைப் பார்த்ததும் இணையத்தில் தேடியிருக்கிறீர்கள். 'வெட்டி எடுக்காவிட்டால் நடக்கவே முடியாது' என்று எவரோ சொன்னதை நம்பி இரண்டு மாதமாகத் தூக்கத்தைத் தொலைத்திருக்கிறீர்கள். வலியே இல்லாத எத்தனையோ பேருக்கு எக்ஸ்ரே எடுத்தால் அதே முள் தெரியும். அதை மறந்துவிடுங்கள்.

காலையில் கட்டிலை விட்டு இறங்கி முதல் அடி வைத்ததும் ஆணி குத்துவது போல வலி. கொஞ்சம் நடந்தால் குறைகிறது. மதியம் சாப்பிட உட்கார்ந்து எழுந்தால் மறுபடி குத்துகிறது. நீங்கள் எழுதிய இந்த விவரமே நோயைச் சொல்லிவிடுகிறது. குதிகாலிலிருந்து விரல்களின் அடிவரை, பாதத்தின் வளைவைத் தாங்கும் தடித்த பட்டை ஒன்று இருக்கிறது. ஜவுளிக்கடையில் 12 வருடம், தினமும் 10 மணி நேரம், டைல்ஸ் தரையில் வெறுங்காலோடு நின்றதில் அந்தப் பட்டை குதிகாலோடு சேரும் இடம் நைந்துபோயிருக்கிறது. பிளாண்டர் ஃபேசியைட்டிஸ் என்பது இதுதான். ஊரில் குதிகால் வாதம் என்பார்கள். ரத்தத்தில் யூரிக் அமிலம் கூடி வரும் மூட்டு வலி இப்படி வராது.

ஆனால் கடிதத்தின் கடைசியில், போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். சுட்ட செங்கல்லில் எருக்க இலை போட்டு மிதித்தீர்கள், சூடே தெரியவில்லை, மறுநாள் பார்த்தால் கொப்புளம். எட்டு வருடமாகச் சர்க்கரை இருப்பவர் எழுதும் வரி இது. தோல் வெந்து கொப்பளிக்கும் அளவு சூடு பட்டும் தெரியவில்லை என்றால், பாதத்தின் உணர்வு நரம்புகள் பழுதாகியிருக்கின்றன. நாளை முள் குத்தினாலும் செருப்பு கடித்தாலும் தெரியாது. தெரியாத புண் ஆழமாகி, எலும்புவரை சீழ் பிடித்த பிறகு வருபவர்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். கால் போவது இப்படித்தான். குதிகால் வலியால் அல்ல.

அதனால் நாளைக்கே டாக்டரிடம் போய்க் கொப்புளத்தைக் காட்டுங்கள். நீங்களாக ஊசியால் குத்தி உடைக்காதீர்கள். பாதத்தில் மெல்லிய நைலான் இழையால் தொட்டும், அதிரும் இசைக்கவையை (டியூனிங் ஃபோர்க்) வைத்தும் உணர்வைச் சோதிக்கச் சொல்லுங்கள். ஐந்து நிமிட வேலை, வலிக்காது. இனி செங்கல், வெந்நீர் எதுவும் கூடாது. மற்றவர்களுக்கு நான் சொல்லும் ஐஸ் பாட்டில் உருட்டுவதும் உங்களுக்கு வேண்டாம். தினமும் இரவு உள்ளங்காலைக் கண்ணாடி வைத்துப் பாருங்கள்.

மெடிக்கல் ஷாப்பில் வாங்கித் தினம் விழுங்கும் வலி மாத்திரையையும் இன்றோடு நிறுத்துங்கள். சர்க்கரை உள்ளவரின் சிறுநீரகத்துக்கு அது கெடுதல். குதிகாலில் ஸ்டீராய்டு ஊசி போடலாம் என்று யாராவது சொன்னால், சர்க்கரை இருப்பதை முதலில் சொல்லுங்கள். அது சில நாள் சர்க்கரையை ஏற்றிவிடும், அரிதாக அந்தப் பட்டையே அறுந்துபோவதும் உண்டு.

சரி, வலிக்கு என்ன செய்வது? காலையில் எழுந்ததும் தரையில் கால் வைக்காதீர்கள். வலிக்கிற காலை மறுகாலின் முழங்கால் மேல் போட்டு, விரல்களைக் கையால் முழங்காலை நோக்கி இழுத்து, பத்து எண்ணும்வரை பிடியுங்கள். இப்படி 10 தடவை, ஒரு நாளைக்கு மூன்று வேளை. அப்புறம், சுவரில் கை ஊன்றி கெண்டைக்காலையும் நீட்டுங்கள். பத்து நாளில் பலன் தெரியாது, விட்டுவிடாதீர்கள். பத்துப் பேரில் எட்டுப் பேருக்கு மேல் ஒரு வருடத்துக்குள் ஆபரேஷன் இல்லாமலே சரியாகிறது.

வீட்டுக்குள்ளும் மெத்தென்ற செருப்பு போடுங்கள். கடையில் உட்கார விடுவதில்லை என்கிறீர்கள். கடை ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021-லேயே சட்டம் திருத்தியாகிவிட்டது, தயங்காமல் கேளுங்கள். உள்ளே செருப்பு கூடாது என்றால், சர்க்கரை உள்ளவர் வெறுங்காலோடு நிற்கக் கூடாது என்று, கொப்புளத்தைக் காட்டப் போகும்போதே டாக்டரிடம் சீட்டு எழுதி வாங்கி முதலாளியிடம் கொடுங்கள்.