விற்றுத் தீர்ந்தால் எது தீரும்? (கடிதமும் பதிலும்)

அன்புள்ள ஐயா,

வணக்கம். நான் பட்டர்வொர்த்தில் ஓர் இடைநிலைப்பள்ளியில் கணித ஆசிரியராக இருக்கிறேன், வயது 31. உங்கள் தந்தையாரின் சிற்றலை வானொலியைப் பற்றி நீங்கள் எழுதிய கட்டுரையே என்னை ஜாஸ் இசைக்குள் இழுத்து வந்தது. மூன்று ஆண்டுகளாக ஹாங்க் மோப்லியின் சாக்ஸஃபோனை விடாமல் கேட்டு வருகிறேன்.

1963 முதல் 1970 வரை ப்ளூ நோட் என்ற ஜாஸ் இசைத்தட்டு நிறுவனத்துக்காக அவர் தலைமையேற்று வாசித்தவற்றை மொசைக் நிறுவனம் எட்டுக் குறுவட்டுகளாகப் பெட்டியிட்டு வெளியிட்டது உங்களுக்குத் தெரிந்திருக்கும். அதில் சில பிரதிகளே எஞ்சியுள்ளன என்று அறிந்ததிலிருந்து எனக்கு நிம்மதி இல்லை. அஞ்சல் செலவோடு 900 மலேசிய வெள்ளியைத் தொடும் போலிருக்கிறது. எல்லாமே கைப்பேசியில் கேட்கக் கிடைக்கிறதே என்கிறார் என் மனைவி. அவர் சொல்வதிலும் நியாயம் உண்டு. தீர்ந்துபோன பிறகு இரண்டு மடங்கு, மூன்று மடங்கு விலை சொல்வார்களே என்ற பதற்றமும் இருக்கிறது. இது இசையின் மீதுள்ள ஆசையா, பொருளின் மீதுள்ள ஆசையா என்று எனக்குப் பிரித்தறியத் தெரியவில்லை. வாங்கலாமா? வாங்கினால் நம் ஊர் ஈரக்காற்றில் எப்படிக் காப்பது?

அன்புடன்,
ஒரு வாசகர், பட்டர்வொர்த்

அன்புள்ள தம்பி,

வாங்குங்கள். ஆனால் நீங்கள் சொல்லும் காரணத்துக்காக வாங்க வேண்டாம். விலை ஏறிவிடும் என்பது வணிகரின் காரணம். கோலாலம்பூரில் நாற்பது ஆண்டுகளாக இசைத்தட்டுகளோடு குடித்தனம் நடத்துகிறவன் என்ற முறையில், எந்தப் பெட்டியை வாங்கும் முன்பும் நான் என்னிடம் கேட்டுக்கொள்ளும் கேள்வி ஒன்றுதான்: இது விற்றுத் தீர்ந்தால் உண்மையில் எது தீரும்? இசையே தீருமா, அல்லது அந்த இசையை அடுக்கிக் கொடுத்த முறை மட்டும் தீருமா?

இந்தப் பெட்டிகள் ஏன் அளவோடு அச்சாகின்றன என்பதை முதலில் பார்க்க வேண்டும். மைக்கேல் கஸ்கூனாவும் சார்லி லூரியும் 1980களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் மொசைக்கை நிறுவியபோது அவர்களிடம் சொந்தமாக ஒலிப்பதிவு எதுவும் இல்லை. பிற நிறுவனங்களுக்குச் சொந்தமான மூல நாடாக்களை, இத்தனை பிரதிகள், இத்தனை ஆண்டுகள் என்ற உடன்படிக்கையோடு பெற்று அவர்கள் வெளியிட்டார்கள். இது குத்தகை நிலத்தில் செய்யும் வேளாண்மை. தவணை முடிந்ததும் நிலம் உடையவரிடம் திரும்பிவிடும். 5000, 7500, 10000 என்று அவர்களுடைய வெவ்வேறு பெட்டிகளில் காணும் எண்ணிக்கைகளுக்குப் பின்னால் இந்தக் கணக்கு இருக்கிறது. மூனிச்சில் 1969இல் தொடங்கப்பட்ட இசிஎம் நிறுவனத்தின் நிலை வேறு. 1976 நவம்பரில் கீத் ஜாரெட் ஜப்பானின் ஐந்து நகரங்களில் தனியே வாசித்த பியானோ கச்சேரிகளை அது 1978இல் பத்து இசைத்தட்டுகளாக வெளியிட்டது. பின்னர் ஆறு குறுவட்டுகளாகவும் கொண்டுவந்தது. தன் நாடாவைத் தானே வைத்திருக்கிற நிறுவனம் விரும்பும்போது மறுபடி அச்சிடலாம். ஆகவே ஒரு பெட்டி தீரப்போகிறது என்று கேள்விப்பட்டால், நாடா யாருடையது என்று பாருங்கள். உடைமையாளரே வெளியிட்டதென்றால் காத்திருக்கலாம். குத்தகைக்காரர் வெளியிட்டதென்றால் அதே வடிவில் அது திரும்பி வருவது மிக அரிது.

அதே வடிவில் என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. ஹெர்பி நிகல்ஸ் என்ற பியானோ கலைஞர் 1955இலும் 1956இலும் ப்ளூ நோட்டுக்காக ஐந்து ஒலிப்பதிவு அமர்வுகளில் வாசித்தார். அவற்றில் ஒரு பகுதியே அவர் வாழ்நாளில் வெளிவந்தது. 1963இல், 44ஆம் வயதில், பரவலாக அறியப்படாமலேயே இறந்துபோனார். 1987இல் மொசைக் அனைத்தையும் ஒரே பெட்டியில் கொண்டுவந்தது. அது தீர்ந்தபின் அதைத் தேடி அலைந்தவர்களில் நானும் ஒருவன். பிறகு 1997இல் ப்ளூ நோட்டே அந்த இசை முழுவதையும் மூன்று குறுவட்டுகளில் வெளியிட்டது, அதுவும் சாதாரண விலையில். பதற்றத்தில் பெருந்தொகை கொடுத்தவர்கள் பத்தாண்டுப் பொறுமையின் விலையைத்தான் கொடுத்தார்கள்.

இனி உங்கள் பெட்டிக்கு வருகிறேன். 1963 மார்ச் 7 அன்று நியூ ஜெர்சியின் எங்கல்வுட் கிளிஃப்ஸில் ரூடி வான் கெல்டரின் ஒலிப்பதிவுக் கூடத்தில் மோப்லி ஆறு உருப்படிகளை வாசித்தார். எக்காளத்தில் டொனால்ட் பேர்ட், பியானோவில் ஹெர்பி ஹான்காக், பாஸில் புட்ச் வாரன், முரசில் ஃபில்லி ஜோ ஜோன்ஸ். அந்த ஆறில் இரண்டை, அதே ஆண்டு அக்டோபரில் வேறொரு குழுவோடு வாசித்தவற்றுடன் சேர்த்து ஓர் இசைத்தட்டாக்கினார்கள். வேறு இரண்டு, 1965 பிப்ரவரியில் பதிவான உருப்படிகளுக்கு நடுவே மற்றோர் இசைத்தட்டில் போய்ச் சேர்ந்தன. மிஞ்சிய இரண்டும் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக நாடாவிலேயே கிடந்து, 1980களின் நடுவில் மூன்றாவது ஓர் இசைத்தட்டில் வெளிவந்தன. ஒரே கச்சேரியின் வர்ணத்தை ஓரிடத்திலும், ஆலாபனையை இன்னோரிடத்திலும், துக்கடாவை வேறோரிடத்திலும் கேட்டுவிட்டு வித்துவானை எடைபோட்டால் எப்படியிருக்கும்? அப்படித்தான் மோப்லியை உலகம் எடைபோட்டது. அந்த ஒரு நாள் அமர்வை ஒரு நாள் அமர்வாகவே நம் கையில் தருவதுதான் இந்தப் பெட்டி செய்யும் பணி.

இன்னொன்றும் இருக்கிறது, எனக்கு இதுவே மிகவும் முக்கியமானது. 1966க்கும் 1970க்கும் இடையே அவர் வாசித்த பல அமர்வுகளை அப்போது யாரும் வெளியிடவில்லை. ட்யூபா என்னும் பெரிய ஊதுகருவி வரை சேர்த்து எட்டுப் பேர் கொண்ட குழுவோடு 1966இல் செய்த பெருமுயற்சி 1979இல்தான் இசைத்தட்டாயிற்று. 1970 ஜூலையில் வாசித்த அமர்வு 1980இல் வந்தது. இதற்கிடையில் 1970களின் நடுவிலேயே நுரையீரல் நோய் அவரை வாசிக்க விடாமல் செய்துவிட்டது. 1986இல், 55ஆம் வயதில் காலமானார். தனித்தனி இசைத்தட்டுகளை வெளியீட்டு ஆண்டின்படி கேட்கிறவருக்கு, 1960களின் இறுதியில் மோப்லி சோர்ந்துவிட்டார் என்ற தவறான எண்ணம் எழக்கூடும். வாசித்த தேதியின்படி கேட்டால், தேடிக்கொண்டே முன்னேறிய ஒரு மனிதரைச் சந்திப்பீர்கள்.

கஸ்கூனா 1975இல் ப்ளூ நோட்டின் நாடாக் கிடங்குக்குள் நுழைந்து, சரியான குறிப்புகளின்றிக் கிடந்த பதிவுகளை ஒவ்வொன்றாகக் கேட்டு, நாள் எது, ஆள் யார், உருப்படியின் பெயர் என்ன என்று அடையாளம் கண்டதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு உ.வே.சாமிநாதையரின் ஏட்டுச்சுவடிகள் நினைவுக்கு வருகின்றன. 1887இல் சீவக சிந்தாமணியை அச்சில் கண்டவர்கள் ஒரு நூலை மட்டும் பெறவில்லை. பாடவேறுபாடு, வரலாறு, குறிப்பு என்று அதைப் படிப்பதற்கான வழியையும் சேர்த்தே பெற்றார்கள். கஸ்கூனா 2024 ஏப்ரலில் மறைந்தார். அன்று என் வீட்டில் இருந்த அவருடைய பெட்டிகளை எல்லாம் எடுத்துத் துடைத்து வைத்தேன்.

உங்கள் மனைவி சொல்வது சரியே. மோப்லியின் இசைத்தட்டுகளில் பெரும்பாலானவை கைப்பேசியில் கிடைக்கின்றன. நானும் பயணத்தில் அப்படித்தான் கேட்கிறேன். அதனால்தான் எது தீரும் என்ற கேள்வியைத் துல்லியமாகக் கேட்கச் சொல்கிறேன். இசை தீராது. நாள்வாரி அடுக்கும், அமர்வு அமர்வாக எழுதப்பட்ட குறிப்புகளும், இசைத்தட்டின் அளவிலேயே அமைந்த அந்தப் பெரிய கையேட்டில் ஃபிரான்சிஸ் வுல்ஃப் எடுத்த ஒளிப்படங்களும் தீரும். மூன்று ஆண்டுகள் மோப்லியோடு வாழ்ந்த உங்களுக்கு அவை வேண்டும். இதே பெட்டியை, அவரை இரண்டு முறை மட்டும் கேட்ட ஒருவர் வாங்கலாமா என்று கேட்டிருந்தால் வேண்டாம் என்றே எழுதியிருப்பேன்.

இதை நான் கற்றது நட்டத்தில். 1990களில், தீர்ந்துவிடும் என்ற அச்சத்தினாலேயே, அதுவரை ஒரு வட்டுகூடக் கேட்டிராத ஒரு பெருங்குழுவின் பெட்டியை வாங்கினேன். இன்றுவரை அதில் பாதியைத் தாண்டவில்லை. அந்தப் பணம் கையில் இல்லாததால், நான் உயிராக நேசித்த டீனா புரூக்ஸின் பெட்டியைத் தவறவிட்டேன். ப்ளூ நோட்டுக்குத் தலைமையேற்று நான்கு இசைத்தட்டுகளுக்கு வாசித்து, வாழ்நாளில் ஒன்று மட்டுமே வெளிவரக் கண்டு, 1974இல் இறந்துபோன சாக்ஸஃபோன் கலைஞர் அவர். பல ஆண்டுகள் கழித்து வெளிநாட்டு விற்பனையாளர் ஒருவரிடமிருந்து அந்தப் பெட்டியைப் பழைய பிரதியாக வாங்கினேன். பிரித்துப் பார்த்தால் கையேட்டின் வழவழப்பான தாள்கள் ஈரம் பட்டு ஒன்றோடொன்று ஒட்டிக் கல்லாகியிருந்தன. புரூக்ஸின் முகத்தைப் பார்க்க வேண்டும் என்றுதான் அத்தனை விலை கொடுத்தேன். அந்தப் பக்கத்தை என்னால் பிரிக்க முடியவில்லை. இரண்டாம் கைப் பெட்டி வாங்க நேர்ந்தால், கையேட்டைப் பக்கம் பக்கமாகப் புரட்டிக் காட்டும் படங்களைக் கேட்டுப் பெற்ற பிறகே பணம் அனுப்புங்கள். எத்தனையாவது பிரதி என்று அட்டையில் குறித்துள்ள வரிசை எண் சிறியதா பெரியதா என்பதைப் பொருட்படுத்த வேண்டாம்.

செலவைப் பற்றிச் சுருக்கமாக. இணையவழி வாங்கும் 500 வெள்ளிக்கு உட்பட்ட வெளிநாட்டுப் பொருள்களுக்கு 2024 ஜனவரி முதல் 10 விழுக்காடு விற்பனை வரி உண்டு. அதற்கு மேற்பட்டவை சுங்க மதிப்பீட்டுக்கு வரும். ஆகவே 900 வெள்ளியோடு வரிக்கும் சேர்த்து ஒதுக்கி வையுங்கள். அது வீட்டுச் செலவைத் தொடுமானால் விட்டுவிடுங்கள்; மோப்லி கைப்பேசியில் இருப்பார்.

பாதுகாப்பில்தான் நம்மவர்கள் அசட்டையாக இருக்கிறார்கள். நம் காற்றின் ஈரப்பதம் ஏறக்குறைய 80 விழுக்காடு. தாளுக்கு நல்லது அதில் பாதியை ஒட்டிய அளவே. வெளிச்சுவரை ஒட்டிய மர அலமாரியில் பெட்டிகளை வைக்கவே கூடாது. செந்தூலில் குடியிருந்தபோது நான் அப்படி வைத்து, ஒரு மழைக்காலம் முடிவதற்குள் பசை ஒட்டிய ஓரங்களை எல்லாம் ராமபாணப் பூச்சிக்குக் கொடுத்தேன். ஒளிப்படக் கலைஞர்கள் கேமரா வைக்கும் மின் உலர்பெட்டி நம் ஊர்க் கேமராக் கடைகளில் கிடைக்கிறது. பெரியதாக ஒன்று வாங்கி ஈரப்பதத்தை 45க்கும் 50க்கும் இடையில் நிறுத்துங்கள். வாங்கும் முன் உள்ளளவை அளந்துகொள்ளுங்கள், இந்தப் பெட்டிகள் குறுவட்டுக்கானவை என்றாலும் ஓர் அடிக்குச் சற்று மேற்பட்ட அகலம் உடையவை. அது இயலாவிட்டால் மூடி இறுகும் நெகிழிப் பெட்டியும் சிலிக்கா மணிகளும் போதும். நீல மணிகள் இளஞ்சிவப்பாகும்போது மாற்றிவிடுங்கள். மேலே சுற்றியுள்ள மெல்லிய நெகிழியுறையைப் புதுமை கெடாமலிருக்க அப்படியே விட்டுவைப்பவர்கள் உண்டு. அது காலப்போக்கில் இறுகி அட்டையை வளைத்துவிடும், பிரித்துவிடுங்கள். பெட்டிகளைப் புத்தகம் போல நிறுத்தி வையுங்கள், ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்காதீர்கள். மாதம் ஒருமுறையாவது கையேட்டைத் திறந்து காற்றாட விடுங்கள். எடுத்துப் புழங்கும் பெட்டியில் பூச்சி தங்குவதில்லை.

நீங்கள் பினாங்கு மாநிலத்துக்காரர் என்பதால் இதையும் சொல்லத் தோன்றுகிறது. உங்கள் மாநிலத்தில் ஜிம்மி பாய்ல் என்ற ஜாஸ் பியானோ கலைஞர் வாழ்ந்தார், நாடறிந்த மலாய்ப் பாடல்களுக்கு இசையமைத்தார், 1971இல் மறைந்தார். வானொலி இசைக்குழுவை வழிநடத்திய அல்ஃபோன்சோ சோலியானோவும் ஜாஸ் பியானோ கலைஞரே. இவர்கள் வாசித்த அனைத்தையும் நாள், ஆள், குறிப்புகளோடு அடுக்கிய ஒரு பெட்டி என் கண்ணில் பட்டதில்லை. ஞாயிற்றுக்கிழமை காலைகளில் லோரோங் கூலிட் சந்தைக்குப் போனால், பழைய இசைத்தட்டுக் குவியல்களில் இவர்கள் பெயர் வருகிறதா என்று பாருங்கள். வந்தால் எனக்கு எழுதுங்கள்.

பெட்டி வந்ததும் எட்டு வட்டுகளையும் ஒரே வாரத்தில் கேட்டு முடிக்க முயல வேண்டாம். என் தந்தையார் ஜெலுத்தோங் வீட்டில் வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா வானொலியின் ஜாஸ் நிகழ்ச்சிக்காகச் சிற்றலையைத் திருகிக்கொண்டிருப்பார். அதை வழங்கிய வில்லிஸ் கோனோவரின் நிதானமான ஆங்கிலம் அலையில் ஏறி இறங்கி வரும். கிடைப்பது இரவில் சிறிது நேர இசை, மறுபடி கேட்க வழியில்லை. அந்தச் சிறிது நேரத்தை அவர் அடுத்த நாள் முழுவதும் வாயால் முனகிக்கொண்டிருப்பார். அதுபோல ஓர் இரவுக்கு ஓர் அமர்வு என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் இரவு 1963 மார்ச் 7இன் ஆறு உருப்படிகள். ஒரே உருப்படியைத் திரும்ப வாசித்த மாற்று வாசிப்புகளை முதல்முறை தாண்டிவிட்டு, இரண்டாம் முறை கையேட்டைத் திறந்துவைத்துக்கொண்டு ஒப்பிட்டுக் கேளுங்கள். 1970 ஜூலை அமர்வைக் கடைசிக்கு வையுங்கள். ப்ளூ நோட்டுக்காக மோப்லி தலைமையேற்ற கடைசி அமர்வு அது. வீட்டை நினைத்தல் என்று பொருள்படும் தலைப்பில் வெளிவந்தது. அந்த இரவு உங்கள் மனைவியையும் உடன் அமரச் சொல்லுங்கள்.

அன்புடன்,
கோலாலம்பூரிலிருந்து