கைவினைக் கலைஞர்களுக்கு விருது கொடுப்பதா, சீடர்களை உருவாக்குவதா? 10 லட்ச ரூபாயை எப்படிச் செலவிடலாம்?

கேள்வி: கும்பகோணம் வட்டாரத்தில் சிறிய அறக்கட்டளை நடத்துகிறோம். கைவினைக் கலைஞர்களுக்கென்று ஆண்டுக்கு 10 லட்சம் ரூபாய் ஒதுக்கியிருக்கிறோம். விருது கொடுப்பதா, இளைஞர்களுக்குப் பயிற்சி கொடுப்பதா? எங்கிருந்து தொடங்குவது?

பதில்:

விருது தனி, பயிற்சி தனி என்று பிரிக்காதீர்கள். விருது வாங்குகிறவர் அடுத்த ஓராண்டு ஒரு சீடரைத் தன் பட்டறையில் வைத்துச் சொல்லித்தர வேண்டும். அந்த ஓராண்டும் இருவருக்கும் நீங்கள் மாதாமாதம் பணம் தர வேண்டும். மற்ற ஏற்பாடுகள் எல்லாம் இதற்குப் பிறகுதான்.

இப்படிச் செய்கிற நாடுகள் இருக்கின்றன. பிரான்ஸில் 1994 முதல் கைத்தொழில் ஆசான்களுக்கு ‘மேத்ர் தார்’ என்ற பட்டம் கொடுக்கிறார்கள். பட்டம் பெறுபவர் ஒரு மாணவருக்கு 3 ஆண்டு கற்றுத்தர வேண்டும். அதற்காக ஆண்டுக்கு 16,000 யூரோ கிடைக்கும். ஜப்பானில் ‘வாழும் தேசியப் பொக்கிஷம்’ என்று மக்கள் அழைக்கும் கலைஞர்களுக்கு அரசு ஆண்டுக்கு 20 லட்சம் யென் கொடுக்கிறது. அதுவும் கலையைக் காத்து அடுத்தவர் கையில் சேர்ப்பதற்கான பணம்.

நம் நாட்டில் கைவினைக்கான தேசிய விருது 1965 முதலும் சில்ப் குரு விருது 2002 முதலும் இருக்கின்றன. பெரிய கௌரவம், சந்தேகமே இல்லை. ஆனால் அவை செய்து முடித்த வேலைக்குக் கிடைக்கும் மரியாதை. தாமதமும் உண்டு: 2017, 2018, 2019 ஆண்டுகளுக்கான விருதுகள் 2022 நவம்பரில்தான் டெல்லியில் வழங்கப்பட்டன. 70 வயதுக் கலைஞருக்கு ஐந்து வருடக் காத்திருப்பு சின்ன விஷயம் இல்லை. உங்களைப் போன்ற சிறிய அறக்கட்டளையால் வேகமாகச் செய்ய முடியும். அறிவித்த ஆறு மாதத்துக்குள் பணம் கலைஞரின் வங்கிக் கணக்கில் ஏறிவிட வேண்டும் என்று விதியிலேயே எழுதிவிடுங்கள்.

அடுத்து, யாருக்கு விருது என்ற கேள்வி. பெரும்பாலான திட்டங்கள் இங்கேதான் தவறுகின்றன. உங்கள் பகுதி என்பதால் சுவாமிமலை உலோகச் சிலை வார்ப்பையே எடுத்துக்கொள்கிறேன். 2023இல் டெல்லி பாரத் மண்டபத்தின் முன் நிறுவிய 27 அடி நடராஜரை ராதாகிருஷ்ண ஸ்தபதியும் அவருடைய குழுவினரும் சுமார் 7 மாதத்தில் செய்தார்கள். ‘குழுவினரும்’ என்ற அந்த ஒரு சொல்லுக்குள் மெழுகு வேலை செய்தவர், மண் கட்டியவர், உலோகம் உருக்கி ஊற்றியவர், அரம் போட்டு ராவியவர், உளியால் நகாசு செய்தவர் எல்லோரும் அடங்குகிறார்கள். சின்னப் பட்டறையிலும் இதே கதைதான். விண்ணப்பப் படிவத்தில் ஒரு பெயருக்குத்தான் இடம் இருக்கும். அதில் பட்டறை உரிமையாளர் பெயர் போகும்.

மண் கட்டுகிறவரின் வேலையைக் கொஞ்சம் கிட்டப்போய்ப் பாருங்கள். தேன்மெழுகு, குங்கிலியம் என்ற மரப்பிசின், கடலை எண்ணெய் கலந்த மெழுகில் உருவம் தயாரானதும் அதன்மேல் முதல் பூச்சாகக் காவிரி வண்டலை நைஸாக அரைத்துப் பூசுவார்கள். மெழுகில் உள்ள நகக்கண், நெற்றிப் பட்டம், இடுப்பு மணிமாலை எல்லாம் இந்த மெல்லிய பூச்சில் பதிந்தால்தான் உலோகத்தில் வரும். ஒரு காற்றுக் குமிழி சிக்கினாலும் உலோகத்தில் அங்கே ஒரு பரு நிற்கும். பூச்சு நிழலில் காய வேண்டும். வெயிலில் வைத்தால் மெழுகு இளகி மண் வெடிக்கும். அதன்மேல் வயல் மண்ணும் மணலும் கலந்து அடுத்த பூச்சு, பிறகு கரடான மண்ணில் கனமான பூச்சு. பெரிய உருவமாக இருந்தால் இரும்புக் கம்பி கட்டு. மண் காய்ந்ததும் அச்சைச் சூடாக்கி மெழுகை உருக்கி வெளியேற்றிவிட்டு, அந்த இடத்தில் உலோகத்தை ஊற்றுவார்கள். ஈரம் கொஞ்சம் மிஞ்சினாலும் கொதிக்கும் உலோகம் உள்ளே போகும்போது ஆவி கிளம்பி வார்ப்பில் ஓட்டை விழும். அச்சே வெடித்து ஆளைச் சுடவும் செய்யும். வார்ப்பு முடிந்ததும் மண்ணை உடைத்துவிடுவார்கள். இவ்வளவு கவனமாகச் செய்த வேலை கடைசியில் யார் கண்ணிலும் படாது. அதனால் முடிந்த சிலையை மட்டும் பார்த்து விருது கொடுத்தால் இவருக்கு எந்தக் காலத்திலும் கிடைக்காது.

என் யோசனை: ஆண்டுக்கு இரண்டு விருது. ஒன்று முழுப் படைப்புக்கு. இன்னொன்று ஒரு கட்டத்தின் கைத்திறனுக்கு, ஒரு வருடம் மண் கட்டுபவருக்கு, மறு வருடம் உளி வேலைக்காரருக்கு. நாச்சியார்கோவில் குத்துவிளக்கு, தஞ்சாவூர் கலைத்தட்டு இரண்டுக்கும் இதே முறை பொருந்தும். கலைத்தட்டில் அச்சில் அடித்து உருவம் எடுப்பவரும் அதைத் தட்டில் பதித்து முடிப்பவரும் வேறு வேறு ஆட்களாக இருக்கலாம்.

விண்ணப்பம் கேட்காதீர்கள். படிவம் நிரப்பத் தெரிந்தவருக்கும் மகன் கம்ப்யூட்டர் படித்திருப்பவருக்கும் மட்டுமே அது வரும். இரண்டு பேர் பட்டறை பட்டறையாகப் போய்ப் பதிவு செய்துவரட்டும். ஒரு கலைஞருக்கு ஐந்து படம் போதும்: முன், பின், பக்கவாட்டு, பீடத்தின் அடிப்பகுதி, கை விரல்கள் நெருக்கத்தில். பகல் வெளிச்சத்தில், பக்கத்தில் ஓர் அளவுகோல் வைத்து எடுங்கள். கூடவே, அவர் தன் வேலையைச் செய்யும் பத்து நிமிட வீடியோ, வெட்டாமல். வேலை அவருடைய கையால் நடக்கிறதா என்ற சந்தேகம் அதிலேயே தீர்ந்துவிடும். ஒவ்வொரு கட்டத்தையும் யார் செய்தார் என்று பெயர் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

விருதுக்கென்று புதிதாக ஒன்றைச் செய்துவரச் சொல்லாதீர்கள். உள்ளே பொள்ளல் இல்லாத ஒன்றரை அடி கனவார்ப்புச் சிலை என்றால் செம்பு, பித்தளை, ஈயம், ஆட்கூலி என்று கலைஞரின் கைக்காசு மாதக்கணக்கில் முடங்கும். கடன் வாங்கிச் செய்பவர்களும் உண்டு. வாடிக்கையாளருக்காகச் செய்துகொண்டிருக்கும் வேலையையே பாருங்கள்.

நடுவர்கள் ஐந்து பேர் இருக்கட்டும். அதில் இரண்டு பேராவது தினமும் உளி பிடிப்பவர்களாக, ஆனால் வேறு ஊர்க்காரர்களாக இருக்க வேண்டும். ஒரே ஊர் என்றால் பங்காளி, சம்பந்தி என்று உறவு வந்துவிடும். நேர்மையாகத் தேர்ந்தெடுத்தாலும் ஊர் நம்பாது. மாமல்லபுரம் அரசு கட்டடக்கலை சிற்பக்கலைக் கல்லூரி பக்கம் இருந்து ஒருவரை அழைக்கலாம். நடுவர்கள் சிலையின் முகத்தைப் பார்ப்பதற்கு முன் முதுகைப் பார்க்கட்டும். ஆடை முடிச்சு, பூணூல், தலைக்குப் பின்னால் உள்ள சிரச்சக்கரம் என்ற வட்டம் இவற்றில் கை தளர்ந்திருந்தால் முன்பக்க மெருகு எதையும் ஈடுகட்டாது. ஓட்டையை அடைத்து மெருகு போட்ட இடம் சாய்வான வெளிச்சத்தில் நிறம் மாறித் தெரியும்.

இனி வழிகாட்டல். வாரக்கணக்கில் நடக்கும் பயிற்சி வகுப்பில் இருபது பேர் உட்கார்ந்து சான்றிதழ் வாங்கிப் போவார்கள். அது அறிமுகத்துக்கு ஆகும், தொழிலுக்கு ஆகாது. ஒரு குருவுக்கு ஒரு சீடர், 12 மாதம். சீடருக்கு 18 வயது நிறைந்திருக்க வேண்டும். பெண்களையும் தேடிச் சேருங்கள்; மெழுகு வேலை, நகாசு இரண்டிலும் பார்வைக்கூர்மையும் பொறுமையும்தான் வேண்டும்.

வழக்கமாக நடக்கும் கோளாறு இது: சீடர் டீ வாங்கவும் உப்புத்தாள் தேய்க்கவுமே எட்டு மாதம் ஓடிவிடும். குருவைக் குறை சொல்லிப் பயனில்லை, அவருக்கு ஆர்டர் முடிய வேண்டும். அதனால் மாதத்துக்கு ஒரு வேலை என்று முன்பே பேசி எழுதிக்கொள்ளுங்கள். முதல் மாதம் உளி, அரம் தீட்டுவதும் ஒடியோலை மடிப்பதும். தென்னை ஓலையைச் சிலையின் உயரத்துக்கு நறுக்கி, தாளம் என்ற சிற்ப அளவுக் கணக்குப்படி மடித்து அளவு எடுக்கும் முறை அது; நவதாளம் என்றால் 9 பங்கு, 108 அங்குலம். இந்த அங்குலம் கடை ஸ்கேலின் அங்குலம் இல்லை, சிலையின் உயரத்திலிருந்தே வரும் பங்கு. இரண்டாம் மாதம் மெழுகு காய்ச்சுவது. மெழுகும் குங்கிலியமும் ஏறக்குறைய சமம், எண்ணெய் அதில் கால் பங்கு என்பது ஒரு கணக்கு. பட்டறைக்குப் பட்டறை மாறும். கோடையில் குங்கிலியத்தைக் கூட்டாவிட்டால் உருவத்தின் விரல் தொங்கிப்போகும். மூன்று முதல் ஐந்து வரை மெழுகில் கை, முகம், பிறகு முழு உருவம். ஆறாம் மாதம் மண் கட்டுவது, ஏழில் வார்ப்பு. மிச்ச மாதங்கள் முழுக்க ராவுவதும் நகாசும்.

சீடரின் முதல் வார்ப்பு சிறியதாக இருக்கட்டும், ஆறு அங்குல விநாயகர் போதும். 1 கிலோ மெழுகுக்கு 8 முதல் 10 கிலோ உலோகம் என்பது பட்டறைக் கணக்கு. 250 கிராம் மெழுகு என்றால் இரண்டு, இரண்டரை கிலோ. உலோகம் உள்ளே போகவும் காற்று வெளியேறவும் ஒட்டும் மெழுகுக் குச்சிகளையும் சேர்த்து எடை போட வேண்டும். புதியவர்கள் உருவத்தை மட்டும் எடை போட்டுவிடுவார்கள், ஊற்றும்போது உலோகம் பாதியில் தீர்ந்துபோகும். நடுவில் நிறுத்தி மறுபடி ஊற்றினால் ஒட்டாமல் கோடு விழும். மூன்றில் ஒரு வார்ப்பு வீணாகும் என்று வைத்தே பணம் ஒதுக்குங்கள். உலோகத்தை மறுபடி உருக்கிக்கொள்ளலாம். போவது மெழுகும் வறட்டியும் மூன்று வார உழைப்பும்தான். அந்த நஷ்டத்தை அறக்கட்டளை ஏற்கும் என்று தெரிந்தால்தான் குரு சீடரை உலை அருகே விடுவார். திட்டத்தில் இதைவிட முக்கியமான செலவு கிடையாது என்பது என் கருத்து.

உங்கள் 10 லட்சத்தை இப்படிப் பிரிக்கலாம். விருதுத் தொகை இருவருக்கும் தலா 1 லட்சம், ஆக 2,00,000. குருமார் இருவருக்கும் மாதம் 12,000 வீதம் ஆண்டுக்கு 2,88,000. சீடர் இருவருக்கும் மாதம் 10,000 வீதம் 2,40,000. இதற்குக் கீழே போனால் ஜவுளிக்கடை வேலைக்குப் போய்விடுவார்கள், அதில் தப்பும் இல்லை. மெழுகு, உலோகம், உளி, அரம், பாதுகாப்புக் கண்ணாடி, கையுறைக்கு 1,20,000. பதிவு, படம், நடுவர் பயணத்துக்கு 60,000. விழாவுக்கு 30,000, அதற்கு மேல் ஒரு ரூபாய் கூடாது. மீதி 62,000 அவசரத்துக்கு. சீடரின் பணத்தைக் குருவின் கையில் கொடுக்காதீர்கள், நேராகச் சீடர் கணக்குக்கே போகட்டும். தனியார் விருதுப் பணத்துக்குத் தானாக வரிவிலக்கு கிடையாது என்பதால், கொடுக்கும் முன் ஆடிட்டரிடம் பேசிவிடுங்கள்.

ஒப்பந்தம் தமிழில், ஒரே பக்கம். சீடர் 2 ஆண்டுக்குக் குருவின் வாடிக்கையாளர்களிடம் தனியாகப் போய் ஆர்டர் பிடிக்கக் கூடாது. குரு, பயிற்சி முடிந்தபின் சீடரைத் தன் பட்டறையிலேயே இருக்கும்படி கட்டாயப்படுத்தக் கூடாது. முதல் விதி இல்லாவிட்டால் வெளிக்குடும்பப் பிள்ளைகளுக்கு நுணுக்கம் சொல்லித்தர யாரும் முன்வர மாட்டார்கள்; இரண்டாவது இல்லாவிட்டால் குறைந்த கூலிக்கு ஆள் பிடிக்கும் வழியாக உங்கள் திட்டம் மாறிவிடும். இருவருக்கும் பிரதமர் விபத்துக் காப்பீடு எடுத்துக்கொடுங்கள், ஆண்டுக்கு 20 ரூபாய், 2 லட்சம் வரை பாதுகாப்பு. கலவையில் ஈயம் இருப்பதால் உருக்கும் இடத்தில் புகை வெளியேற வழி இருக்கிறதா என்று நேரில் பாருங்கள்.

வழிகாட்டல் குருவுக்கும் தேவை, அது வேறு வகை. மத்திய கைவினை ஆணையர் அலுவலகம் தரும் ‘பெஹ்சான்’ அடையாள அட்டை எடுத்துக்கொடுப்பது, தமிழ்நாடு அரசு 2025இல் தொடங்கிய கலைஞர் கைவினைத் திட்டக் கடனுக்கு (3 லட்சம் வரை, 25 சதவீத மானியம், அதிகபட்சம் 50,000) விண்ணப்பம் போடுவது, மாநில அரசின் கைவினை நிறுவனமான பூம்புகார் நடத்தும் மாநில விருதுகளுக்கும் தேசிய விருதுக்கும் கோப்பு தயாரிப்பது போன்றவை. நீங்கள் பட்டறையில் எடுத்த படமும் வீடியோவும் இதற்கெல்லாம் கைகொடுக்கும். வெளிநாட்டுக்கு அனுப்பும் சிலைக்கு அது பழம்பொருள் இல்லை என்று தொல்லியல் துறைச் சான்று தேவைப்படும்போதும் செய்முறைப் படங்கள் உதவும்.

எப்போது தொடங்குவது என்று கேட்டால், ஆவணி, புரட்டாசியில் பட்டறைப் பதிவு; ஐப்பசி, கார்த்திகை மழையில் மண் காய்வது தாமதமாகும், அப்போது நடுவர்கள் போனால் கலைஞர்கள் உட்கார்ந்து பேசுவார்கள். விழா தை மாதம், மறுநாளே சீடர் பட்டறையில் சேரட்டும். அப்படிச் சேர்ந்தால் அவருடைய வார்ப்பு ஆடி மாதத்துக்குள் முடியும், அடுத்த மழைக்காலம் முழுக்கக் கூரைக்கு அடியில் உளி வேலை இருக்கும்.