உர விலை, விதை விலை வெளிப்படைச் சட்டம்: கேள்வி பதில்

உரம், விதை, பூச்சிமருந்து விற்கும் நிறுவனங்கள் உண்மையில் விற்ற விலையை அரசிடம் தெரிவிக்க வேண்டும், அரசு அதை வெளியிட வேண்டும் என்று கோரும் சட்ட முன்வடிவுகள் பற்றி வந்த கேள்விகள் இவை.

கேள்வி: சட்டம் வந்தால் உர விலை இறங்குமா?

உடனே இறங்காது. இது விலைக் கட்டுப்பாடு இல்லை. யூரியா பெரும்பாலும் இயற்கை எரிவாயுவிலிருந்து வருவதால் எரிவாயு விலை ஏறினால் அதைத் தயாரிக்கும் செலவும் ஏறும். ஆனால் எரிவாயு இறங்கிய பிறகும் மூட்டை விலை ஏன் இறங்கவில்லை என்று கேட்க விவசாயி கையில் ஓர் ஆதாரம் இருக்கும்.

கேள்வி: விலைப்பட்டியல்தான் இருக்கிறதே, போதாதா?

பட்டியல் விலை வேறு, கொடுக்கும் விலை வேறு. மொத்தமாக வாங்கினால் தள்ளுபடி, கடனுக்கு வாங்கினால் வட்டி, 'இந்த விதையோடு இந்தக் களைக்கொல்லி' என்று சேர்த்துக் கட்டுவது எல்லாம் பட்டியலில் வராது. தள்ளுபடியெல்லாம் போக நிற்கும் விலையைத்தான் தெரிவிக்க வேண்டும் என்று சட்டத்தில் எழுதியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அந்த வரி இல்லாவிட்டால் மற்றதெல்லாம் வீண்.

கேள்வி: வேறு எங்காவது செய்து பார்த்திருக்கிறார்களா?

அமெரிக்காவில் பெரிய இறைச்சி நிறுவனங்கள் கால்நடைகளை வாங்கும் விலையை அரசுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 1999-ல் சட்டம் வந்தது. நிறுவனத்தின் பெயர் தெரியாதபடி தொகுத்துத்தான் வெளியிடுகிறார்கள்.

அந்த மறைப்பு எவ்வளவு முக்கியம் என்பதை டென்மார்க் காட்டியது. 1993-ல் அங்கே போட்டி ஆணையம் (நிறுவனங்களுக்கிடையே நியாயமான போட்டி நடக்கிறதா என்று பார்க்கும் அரசு அமைப்பு) ரெடிமிக்ஸ் கான்கிரீட் விலையை நிறுவனம் வாரியாக வெளியிட முடிவு செய்தது. வெளியிடத் தொடங்கிய ஓராண்டுக்குள் விலை 15 முதல் 20 சதவீதம் ஏறிவிட்டது. விற்பவர்கள் நாலைந்து பேராக இருந்தால், யார் ரகசியமாகத் தள்ளுபடி கொடுக்கிறார் என்று ஒருவரையொருவர் கண்காணிக்கவே அந்த விவரம் பயன்படும். அப்புறம் யாரும் குறைத்துக் கொடுக்க மாட்டார்கள். உரத்திலும் விதையிலும் சில நிறுவனங்களே பெரும்பங்கை வைத்திருப்பதால் எனக்கு இந்தப் பயம் நிறையவே உண்டு.

கேள்வி: அப்படியானால் சட்டமே வேண்டாமா?

கட்டாயம் வேண்டும். வட்டார சராசரியாக, சில நாள் தள்ளி வெளியிடட்டும். ஒரே விற்பனையாளர் உள்ள வட்டாரத்தில் சராசரி என்றாலே அவர் விலைதான், அங்கே பக்கத்து வட்டாரத்தையும் சேர்க்க வேண்டும்.

கேள்வி: சின்னக் கடைக்காரருக்குச் சுமை ஆகாதா?

ஆகும். குறிப்பிட்ட அளவுக்கு மேல் விற்பவர்களுக்கு மட்டும் என்று வைத்தால் சரி.

கேள்வி: இப்போதைக்கு நாங்கள் செய்யக்கூடியது?

ஒவ்வொரு முறையும் பில் கேட்டு வாங்குங்கள். பொருளின் விலை, தள்ளுபடி, வட்டி தனித்தனியாக இருக்கட்டும். முன்வடிவு மீது கருத்துக் கேட்கும்போது அந்த பில்களின் நகலையும் சேர்த்து அனுப்புங்கள்.